தவசிக்கனி கட்டடத்து மூன்றாம் மாடி

முதலில் கேட்டது தூக்குச்சட்டியின் சத்தம்தான். மூடி சரியாகப் பொருந்தாத பழைய எவர்சில்வர் தூக்குச்சட்டி அது. படிக்கு ஒரு கிணுங்கலாக இறங்கிப் போகும், இரண்டாம் மாடித் திருப்பத்தில் கொஞ்சம் தேயும், முதல் மாடியில் இன்னும் தேய்ந்து, கீழே பாத்திரக்கடையைத் தாண்டும்போது தெருவின் இரைச்சலோடு கரைந்துவிடும். பக்கத்து வீட்டு இசக்கியப்பன் வேலைக்குக் கிளம்பிவிட்டான் என்று ஆவுடைத்தங்கம் அடுக்களையில் நின்றபடியே தெரிந்துகொண்டு உலையில் அரிசி போடுவாள். அன்றைக்கு அந்தச் சத்தம் கரையவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது. கட்டடத்தில் இருக்கிற படிகளெல்லாம் தீர்ந்து, இல்லாத படிகளிலும் இறங்கி, கிணறு வெட்டுகிறவன் பூமிக்குள் போகிற மாதிரி போய்க்கொண்டே இருந்து, பிறகு மெல்ல மெல்லக் கிட்டத்தில் வந்து, கடைசியில் அவள் வாசலிலேயே நின்றது.

"மைனி, நான் இப்ப வேலைக்குப் போனேன்லா?"

"போனீரு."

"கீழதானே போனேன்?"

"கீழதான் போவணும். மேல போறதுக்கு நீரு என்ன காக்காயா?"

"கீழ போயித்தான் மைனி இங்கன வந்து நிக்கேன்."

தங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். விடிந்ததும் விடியாததுமாக ஊற்றிக்கொள்கிற ஆளில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவளே இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். இரண்டாம் மாடியின் நீலக் கதவு வரவேண்டிய இடத்தில் இன்னொரு திருப்பம் வந்தது, அதற்கப்புறம் இன்னொன்று, அதற்கப்புறம் ஏறிப்போன மூச்சும் இறங்கிப்போன மூச்சும் ஒன்றாகிக் குழம்பிய ஒரு நேரத்தில் மூக்கில் சோறு தீய்கிற வாசம் அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் அவள் வீட்டு வாசல். உலை பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது.

அதற்குள் மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் படியில் இறங்கி வந்துவிட்டார்கள், அதாவது வந்த இடத்துக்கே வந்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற ஆறுமுக வாத்தியாரும் அவர் வீட்டம்மாவும், மைதீன்பாத்துவும் அவள் மருமகளும் பேரப்பிள்ளைகளும். இசக்கியப்பன் பெண்டாட்டி பேச்சி, பள்ளிக்கூடச் சீருடை போட்ட பிள்ளைகளை இடுப்பிலும் கையிலுமாக வைத்துக்கொண்டு, "பிள்ளையளுக்கு இன்னைக்கு பரீச்சை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கத்துக்கு அப்போதுதான் புருஷன் நினைவு வந்தது. கோமதிநாயகம் ஊருக்கு வெளியே லாரி எடைமேடையில் இரவு வேலை பார்க்கிறவன். விடிந்ததும் வந்து எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு, மாடி ஏறிப் படுப்பான். அவள் பால்கனிக்கு ஓடினாள். கிளாஸைக் கழுவித் தட்டில் வைத்துவிட்டு அவன் தெருவைக் கடந்துகொண்டிருந்தான்.

"ஏறாதீய!" என்று கத்தினாள். "மூணாம் மாடிக்கு ஏறாதீய! ஏறினா இறங்க முடியாது!"

தெருவே நிமிர்ந்து பார்த்தது. கோமதிநாயகமும் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் இத்தனை சத்தமாக எதுவும் கேட்டதில்லை, சொன்னதுமில்லை. அதனால் நம்பினான்.

அந்த ஊரில் வீடு கட்டுகிறவர்கள் இரண்டு வரைபடம் போடுவது வழக்கம். ஆபீஸுக்கு ஒன்று, கொத்தனாருக்கு ஒன்று. பெண்ணுக்கு இரண்டு ஜாதகம் எழுதி வைப்பது போலத்தான், அதைப் பொய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆபீஸ் வரைபடத்தில் நாலு பக்கமும் காற்று உலாவ இடம் இருக்கும், மழைநீர்த் தொட்டி இருக்கும், மூலையில் வட்டமாக ஒரு மரம்கூட இருக்கும். கொத்தனார் வரைபடத்தில் அந்தக் காற்றும் தொட்டியும் மரமும் இருந்த இடத்தில் கடைகள் இருக்கும். பாத்திரக்கடை தவசிக்கனி அண்ணாச்சியும் ஊர் வழக்கத்தை மீறாதவர். ஆபீஸ் வரைபடத்தில் அவர் கட்டடத்துக்கு இரண்டு மாடிதான், அதற்கு மேல் வானம். கொத்தனார் வரைபடத்தில் வானத்துக்கு முன்னால் இன்னும் ஒரு மாடி, அதில் நாலு வீடு. இத்தனை வருஷமாகப் பேசாமல் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த படிக்கட்டுக்கு அன்றைக்கு மட்டும் எந்த வரைபடம் ஞாபகம் வந்தது என்று ஊர் கொஞ்ச நாள் பேசியது. பிறகு தக்காளி விலையைப் பேசப் போய்விட்டது.

அண்ணாச்சி கடைவாசலில் நின்று அண்ணாந்து கேட்டார்.

"தண்ணி வருதுல்லா?"

"வருது அண்ணாச்சி."

"கரண்டு?"

"இருக்கு."

"பொறவு என்னவே? இறங்கி எங்க போகப் போறிய? உங்க பாட்டுக்கு இருங்க. நான் ஆபீஸுல பேசுதேன்."

பேசத்தான் செய்தார். பேசிவிட்டு வந்து, பேசியாச்சு என்றார்.

மனிதர்கள்தான் இறங்க முடியவில்லை, பொருட்கள் இறங்கின. பால்கனியிலிருந்து கயிறு கட்டிக் கூடை விட்டால் காலிப் பால் பாத்திரம் போகும், நிறைந்து வரும். அதைப் பார்த்து ஆசைப்பட்டு இசக்கியப்பன் ஒரு பெரிய பனைநார்க் கடகத்தில் உட்கார்ந்தான்; நாலு பேர் பிடித்து விட்டார்கள், கயிறு போய்க்கொண்டே இருந்தது, பத்தாமல் இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டு இன்னும் விட்டார்கள், கடைசியில் மொட்டை மாடியின் பக்கமிருந்து கடகம் ஆடி ஆடி இறங்கி வந்து அதே பால்கனியில் உட்கார்ந்தது. அவன் கடகத்திலிருந்து இறங்கி, சட்டையை உதறி, "காத்து நல்லா அடிச்சு" என்றான். அதற்கப்புறம் யாரும் அதை முயற்சி செய்யவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. முதலில் பார்க்க வந்தவர்கள் முறுக்குக் கட்டிக்கொண்டு வந்தார்கள், பிறகு வெறுங்கையோடு வந்தார்கள், பிறகு வரவில்லை. காய்கறிக்காரி கூடைக்கு என்று தனியாக ஒரு கூவல் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு டீச்சர் வந்து எதிர்ப்புற மண்டபத்து மாடியில் நின்று வாய்ப்பாடு சொல்ல, பிள்ளைகள் பால்கனியில் வரிசையாக நின்று திருப்பிச் சொன்னார்கள், இடையில் போகிற பஸ்ஸின் ஹார்னுக்காக எல்லோரும் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் நிறுத்திக் காத்திருந்தார்கள். பங்குனியில் சாமி சப்பரம் அந்தக் கட்டடத்துக்குக் கீழே நின்று, திருநீறு கூடையில் ஏறியது. ரம்ஜானுக்கு மைதீன்பாத்துவின் கஞ்சி கூடையில் இறங்கியது. வரன் பார்க்கிற இடத்தில் பெண்ணைப் பற்றி விசாரித்தால், "மூணாம் மாடிக்காரி மாதிரி, வீடு தாண்டாத பிள்ளை" என்று சொல்கிற அளவுக்கு அது ஒரு பேச்சாகிவிட்டது. தங்கத்திடம் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கிறவர்களும் குறையவில்லை. கூடையில் சேலை வரும், ஃபால்ஸ் தைத்துப் போகும். மேலேயே இருக்கிற பிள்ளை, சோலி சுத்தமாக இருக்கும் என்று ஆட்கள் கூடத்தான் செய்தார்கள்.

பிறகுதான் ஆபீஸிலிருந்து கட்டட ஆய்வாளர் ஞானதிரவியம் வந்தார். அனுமதியில்லாத மாடியைப் பூட்டி முத்திரை வைப்பதற்காக வந்தார், அரக்கும் திரியும் பையில் இருந்தன. தெருவே சொன்னது, ஏறாதீங்க சார் என்று. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று கோமதிநாயகமும் சொன்னான்.

"அரசு உத்தியோகஸ்தன எந்தப் படி தடுக்கும்?" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். எது தடுக்கும் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துபோனது. ஆறுமுக வாத்தியார் தன் வீட்டு வராந்தாவில் அவருக்கு ஒரு பாய் விரித்தார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பேச்சி தோசை சுட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு ஞானதிரவியம், யாரும் கேட்காமலே, சபையில் சாட்சி சொல்கிறவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"இப்பத்தான் எனக்கே விளங்குது. விதியில எங்க தேடினாலும் ஏறுற வழின்னு ஒண்ணு கிடையாது. வெளியேறும் வழின்னுதான் இருக்கு. ஏறுறத யாரும் ஒழுங்குபடுத்தல, ஏறுறவன் எப்படியும் ஏறிருவான். இறங்குறதுக்குத்தான் அனுமதி வேணும்."

"அப்ப எங்கள இத்தன வருஷம் யாரு இறக்கிவிட்டா?" என்றாள் தங்கம்.

"கவனிக்காம இருந்திருப்பாங்கம்மா" என்றார் அவர்.

அதற்கப்புறம் அந்த மாடியில் ஒரு வழக்கம் வந்தது. கோமதிநாயகம் கடையில் சொல்லிவைத்து கட்டட விதிகளின் புத்தகம் ஒன்று வாங்கிக் கூடையில் அனுப்பினான். விளக்கு வைத்ததும் நாலு வீட்டுக்காரர்களும் வராந்தாவில் கூடுவார்கள். வாத்தியார் ராமாயணம் வாசிக்கிற குரலில் வாசிப்பார், ஞானதிரவியம் பொருள் சொல்வார். படியின் அகலம் குறையாதிருத்தல் வேண்டும் என்று வாத்தியார் இழுப்பார், பிள்ளைகள் "வேண்டும்" என்பார்கள். அறைக்குக் காற்றும் வெளிச்சமும் வர ஜன்னல் இருத்தல் வேண்டும். "வேண்டும்." அண்டை வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவே விடவேண்டிய இடம் விடப்பட்டிருத்தல் வேண்டும். "வேண்டும்." வெளியேறும் வழி எந்நேரமும் தடையின்றித் திறந்திருத்தல் வேண்டும். அந்த இடத்தில் மட்டும் பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். மைதீன்பாத்து கண்ணைத் துடைப்பாள். எந்த வரி எந்தப் பக்கத்தில் என்று தங்கத்துக்கு மனப்பாடமாகிவிட்டது. துணியில் ஊசி போகும்போது உதடு தானாக முணுமுணுக்கும். தன்னைப் பற்றித்தான் யாரோ எங்கோ உட்கார்ந்து இத்தனை கவலைப்பட்டு எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது அவளுக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. பிறகு, எழுதினவர்கள் கவலைப்பட்டதோடு சரி என்று தோன்றியது.

கோமதிநாயகம் எடைமேடையிலிருந்து வந்ததும் இரண்டாம் மாடித் திருப்பம் வரைக்கும் ஏறி நிற்பான். அதற்கு மேல் ஏறினால் அவ்வளவுதான். படிக்கட்டு வளைவதால் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, குரல்தான் வரும். அவளுக்கு அவனைப் பார்க்க வேண்டுமென்றால் பால்கனிக்குத்தான் போகவேண்டும், அங்கிருந்து பார்த்தால் உச்சந்தலை தெரியும். அங்கே முடி கொட்டிக்கொண்டு வருவதை, கூட வாழ்ந்த காலத்தில் பார்க்காததை, அவள் மேலிருந்துதான் பார்த்தாள். ராத்திரி வேலைக்காரனுக்கு வாக்கப்பட்டவள் அவள். ஒரே பாயில் அவன் பகலும் அவள் இரவுமாக முறைவைத்துப் படுத்த வாழ்க்கை. பிள்ளை தங்கவில்லை. இப்போது குரல் மட்டும் என்று ஆனபிறகு முன்னைவிட அதிகமாகப் பேசினார்கள்.

"ஏளா, வரட்டுமா?" என்பான் தினமும், புறப்படுவதற்கு முன்னால்.

"ஒத்தக் கால வச்சீயன்னா மேலயிருந்து தண்ணியக் கோரி ஊத்துவேன்."

"ஊத்து. குளிச்ச மாதிரி இருக்கும்."

"நீங்க ஏறிட்டா ஆபீஸுக்குக் கோப்ப யாரு தூக்கிட்டு அலைவா? அண்ணாச்சி அலைவாரா? பேசியாச்சு பேசியாச்சும்பாரு."

அது உண்மைதான். மூன்றாம் மாடியை முறைப்படுத்தித் தரச்சொல்லிப் போட்ட மனுவைக் கீழிருந்து நகர்த்துகிற ஒரே ஆள் அவன்தான். ராத்திரி லாரியை எடைபோட்டுவிட்டு, பகலில் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்தபடியே தூங்கினான். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் கதவு எண்ணுக்கு நேரே கையெழுத்துப் போட்ட தாளைக் கூடையில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தான். அவர்கள் ஆய்வாளர் அறிக்கை கேட்டார்கள். ஞானதிரவியத்தின் அறிக்கையைக் கொண்டுபோனான். ஞானதிரவியம் வேலைக்கே வராத ஆள், வராத ஆளின் அறிக்கை செல்லாது என்றார்கள். வராத ஆள் அந்த மாடியில்தான் இருக்கிறார் என்றான். அப்படி ஒரு மாடி எங்கள் வரைபடத்தில் இல்லை என்றார்கள். அதைத் திருப்பத்தில் நின்று சொன்னபோது ஞானதிரவியம் தலையாட்டினார். "சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன்" என்றார்.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. புதிதாக வந்த ஆய்வாளர் ஒருவர், மாடி ஏறாமல் எதிர்ப்புற மண்டபத்து மாடியில் நின்று அளவெடுப்பது என்று முடிவாயிற்று. இங்கே ஞானதிரவியம் டேப்பைப் பிடித்து எண்ணைக் கூவுவார், அங்கே அவர் எழுதிக்கொள்வார். பஸ் சத்தத்தில் பாதி காதில் விழாததால் தெருவில் நின்றவர்கள் வாங்கித் திருப்பிக் கூவினார்கள். பேச்சி வீட்டு அடுக்களை அகலத்தைக் காய்கறிக்காரி சொன்னாள், வாத்தியார் வீட்டு நடையை ஆட்டோக்காரர் சொன்னார், தங்கத்தின் குளியலறை எத்தனை அடி என்பதைப் பாத்திரக்கடைப் பையன்கள் சேர்ந்து கத்த, "அதுக்குள்ள எப்படி மைனி திரும்புறிய?" என்று கீழிருந்து எவனோ கேட்டான். தெருவே சிரித்தது. தங்கமும் சிரித்துவிட்டு உள்ளே போய்க் கொஞ்சநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அளவு முடிந்ததும் ஞானதிரவியம் வராந்தாவில் உட்கார்ந்து புது வரைபடம் போட்டார். மெதுவாகத்தான் போட்டார். போட்டுவிட்டு வாசிப்புக்குக் கூடியவர்களிடம் புத்தகத்தை மூடிவைக்கச் சொன்னார்.

"மனை எவ்வளவோ, அதுக்கு இத்தன மடங்குதான் எல்லா மாடியும் சேர்த்துக் கட்டலாம். கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டேன். மேல நாலு வீடு வராது. மூணுதான் வரும்."

"எல்லா வீட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சா?" என்றார் வாத்தியார்.

"கொறச்சா எந்த அறையும் அறையா நிக்காது. விதியில சொன்ன அளவுக்குக் கீழ போயிரும். நாலுமே போயிரும்."

பேச்சியின் இளையபிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மைதீன்பாத்துவின் பேரன்கள் எழுதுபலகையை வைத்துச் சண்டைபோட்டுக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரின் வீட்டம்மா முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். அவர்கள் யாரும் தன் பக்கம் பார்க்காமலிருக்க எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதைத் தங்கம் பார்த்தாள். வாத்தியார் வீட்டுக் கதவில் கிழவரும் கிழவியும் ஆய்வாளருமாக மூன்று தலை. மற்ற இரண்டிலும் பிள்ளைகள். அவள் கதவில் ஒரு தலை. கோமதிநாயகம் மேலே இருந்திருந்தால் இரண்டாக இருந்திருக்கும். ஆனால் அவன் மேலே இருந்திருந்தால் இந்த வரைபடம் போடவேண்டிய நாளே வந்திருக்காது.

"என்ன சார், ரப்பர் இல்லையா?" என்றாள். "இருந்தா என் வீட்ட அழிச்சுருங்க."

"தங்கம்!" என்றாள் மைதீன்பாத்து.

"வீட்டத்தானே அழிக்கச் சொன்னேன், என்னயவா?"

"நீ எங்க வீட்டுல வந்து இரு புள்ள. எங்களோட ஒருத்தியா இறங்கிரு. படி என்ன மூஞ்சியவா பாக்கும்?"

அதையே பிடித்துக்கொண்டார்கள் எல்லோரும். ஆமாம், அப்படிச் செய்யலாம் என்று ஒரே நேரத்தில் பேசினார்கள், பேச்சி அழுதுகொண்டே சிரித்தாள். ஞானதிரவியம் மட்டும் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். தங்கம் அவரைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். தன் கதவு எண்ணுக்கு நேரே அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது எல்லோருக்கும்தான் ஞாபகம் இருந்தது.

"எங்க வீட்டு அவியளுக்கு மட்டும் சொல்லாதீங்க" என்றாள் அவள். "தெரிஞ்சா கொண்டுபோவ மாட்டாவ."

மறுநாள் காலையில் சுருட்டிய வரைபடம் நூல் கட்டிக் கூடையில் இறங்கியது. உச்சந்தலை தெரிய நின்று கோமதிநாயகம் அதை வாங்கி, மழையில் குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்து போனான். அவள் பால்கனியில் நின்று தெருமுனை வரைக்கும் பார்த்தாள். அவன் விரித்துப் பார்க்கவில்லை. தெருமுனைக்கப்புறம் தெரியாது.

அனுமதி வந்த அன்று தெருவில் வேட்டுப் போட்டார்கள். தவசிக்கனி அண்ணாச்சி மாலையோடு கடைவாசலில் நின்றார். முதலில் யார் இறங்குவது என்று தயக்கம் வந்தது, பிறகு வாத்தியார் கைத்தடியை ஊன்றி இறங்கினார், கீழிருந்து "வந்துட்டாரு! வந்துட்டாரு!" என்று சத்தம் எழுந்தது, அந்தச் சத்தத்தில் மற்றவர்கள் கூட்டமாகப் படியில் இறங்கினார்கள். மைதீன்பாத்து தங்கத்தின் கையை இறுகப் பிடித்திருந்தாள். கண்ணாடி வளையல் அழுந்தி வலித்தது. திருப்பம் வந்தது. மைதீன்பாத்து ஏதோ ஓதிக்கொண்டே காலை எடுத்து வைத்தாள். இரண்டாம் மாடியின் நீலக் கதவு தெரிகிற மாதிரி இருந்தது. தெரிந்துவிட்டது என்றுகூட தங்கம் நினைத்தாள். கையில் வலி நின்றுபோனது. அவள் தன் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள். வெகு கீழேயிருந்து பாத்துவின் அழுகை மட்டும் படியேறி வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் வேட்டுச் சத்தத்தில் போய்விட்டது.

சாமான்களை எடுக்க வந்த ஞானதிரவியம் அவள் வாசற்படியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "இதுவரைக்கும் யாரு வேணும்னாலும் வரலாம் போகலாம். இதத் தாண்டி மட்டும் யாரும் வரவேண்டாம்னு சொல்லிருங்கம்மா. மறுபடியும் மனு போடலாம். விதி மாறும். மாறாம இருக்காது." அவர் குனிந்தபடியே இருந்தார். பிறகு எழுந்து, கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் இறங்கும் சத்தம் ஒழுங்காகத் தேய்ந்து, ஒழுங்காகக் கரைந்தது.

மத்தியானம் வெயில் தாழ்ந்த நேரம். குழம்புக்கு என்று தங்கம் நடையில் பாயைப் போட்டு, முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தாள். படியில் காலடி கேட்டது. திருப்பத்தில் நிற்கும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. ஏறி, வராந்தாவைக் கடந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

உச்சந்தலை இல்லாமல் முகத்தோடு அவனைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டிருந்தது. தாடையில் நரை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"இளச்சிட்ட" என்றான்.

"நீங்க மட்டும் பூரிச்சா இருக்கிய? அங்கனயே நில்லுங்க. உள்ள வராதீய."

அவன் நின்றான். கொஞ்சநேரம் கோட்டைப் பார்த்தான்.

"நம்ம வீடு இருக்க எடத்துல 'திறந்த மொட்டை மாடி'ன்னு எழுதியிருந்தாரு. எழுத்து அழகா இருந்துச்சு."

அவள் கை நின்றது. "எப்பப் பாத்தீய?"

"சீல் குத்துததுக்கு முன்ன. மேசையில விரிச்சாவ."

"பாத்துக்கிட்டா விட்டீய?"

"அந்த ஆளு சீலத் தூக்கிட்டு என்னயப் பாத்தாரு. சரிதானேன்னு கேட்டாரு. பேச்சி பிள்ளையள நெனச்சேன். சரின்னுட்டேன்."

வெங்காயச் சருகு காற்றில் நகர்ந்து கோட்டைத் தாண்டிப் போனது.

"நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா கொண்டு போயிருப்பீயளா?"

"மாட்டேன்."

"அதான்."

கீழே எங்கோ இன்னும் ஒரு வேட்டு வெடித்தது. அண்ணாச்சி யாருக்கோ பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். தினமும் இப்படி வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போகலாம், அதில் தடையொன்றும் இல்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு அவ்வளவுகூட வாய்ப்பதில்லை. மறுபடியும் மனு எழுதலாம், மறுபடியும் வராந்தாவில் உட்காரலாம். அவள் அதையெல்லாம் சொல்வதற்கு வாயெடுத்தாள். அதற்குள் அவன் சுவரில் ஒரு கையை ஊன்றி, வலது காலை மடக்கி, செருப்பைக் கழற்றினான். பிறகு இடது காலை.

அவள் அந்தச் செருப்பையே பார்த்தாள். வார் தைத்த, குதிகால் தேய்ந்த செருப்பு. எந்த ஆபீஸ் வராந்தாவில் எந்தப் பக்கம் தேய்ந்ததோ.

"அத வெளிய போடாதீய" என்றாள். "இனி எவனெவனோ வந்து போற எடம். எவனாவது மாட்டிட்டுப் போயிருவான். கையோட எடுத்துட்டு வாங்க."

அவன் குனிந்து செருப்பை எடுத்துக்கொண்டான். கோட்டைத் தாண்டி வந்தான். கதவுக்குப் பின்னால் செருப்பை வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்தான்.

தங்கம் பாயில் ஒருபக்கமாக நகர்ந்து இடம் விட்டாள். அவன் உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு கை வெங்காயத்தை அள்ளித் தன் முன்னால் போட்டுக்கொண்டான். அவளும் விட்ட இடத்திலிருந்து உரிக்கத் தொடங்கினாள்.